திருவாதிரைப் பிள்ளை

பட்டுக்கோட்டையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் சாலை, தென்னந்தோப்புகளையும் உப்பளங்களையும் காட்டிக்கொண்டே அதிராம்பட்டினத்தில் சென்று முடிகிறது. வானொலியில் மழையளவு வாசிக்கும்போது அடிக்கடி காதில் விழும் பெயர் இது. ஆனால் சிவபக்தர்களுக்கு இவ்வூரின் மற்றொரு பெயரே நெருக்கமானது. திருஆதிரைப்பட்டினம் என்பதே இத்தலத்தின் பழம்பெயர் என்பர். இங்கே அருள்மிகு சுந்தரநாயகி உடனுறை அபயவரதீஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். அசுரர்களுக்கு அஞ்சி ஓடிவந்த தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் அடைக்கலம் தந்து அஞ்சேல் என்று அருளியதால் ஈசனுக்கு இத்திருநாமம் ஏற்பட்டது என்கிறது தலவரலாறு. திருவாதிரை நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் வழிபட வேண்டிய தலம் என்று வெளியூர்களிலிருந்தும் அன்பர்கள் தேடி வருகின்றனர்.

பாண்டிய மன்னர் அதிவீரராமர் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததால் ஊர் அவர் பெயரைப் பெற்றது என்றும் சொல்வதுண்டு. நைடதம் பாடிய அந்தப் பெரும்புலவர்தான், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் சிறுபிள்ளைகளுக்காக வெற்றிவேற்கையையும் இயற்றினார். நட்சத்திரத்தின் பெயரும், குழந்தைகளுக்கு நூல் செய்த அரசரின் பெயரும் ஒருசேர வாய்த்த ஊர், ஒரு குழந்தையின் பிறந்தநாளைப் பற்றிப் பேசுவதற்கு மிகவும் பொருத்தமான ஊர்தானே!

இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, ஓட்டு வீடு, கோயிலுக்கு நடந்து செல்லும் தூரம் என்று அமைந்த வாழ்க்கை. பிரதோஷம் ஒன்றைக்கூடத் தவறவிட்டவர் அல்லர். தோப்பில் 140 மரங்கள். அவருடைய தந்தை வைத்தவை பாதி, அவரே வைத்தவை பாதி. எந்த மரம் எந்த ஆண்டில் வைத்தது, எது அதிகம் காய்க்கும், எதன் இளநீர் இனிக்கும் என்று பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதானே தஞ்சை மண்ணில் சொல்கிறோம்?

2018 நவம்பரில் அவருடைய ஒரே மகள் தலைப்பிரசவத்திற்காகச் சென்னையிலிருந்து பிறந்தகம் வந்திருந்தாள். நவம்பர் 15ஆம் நாள் இரவு வீசத் தொடங்கிய கஜா புயல், மறுநாள் விடிவதற்குள் அந்தக் கடற்கரையையே உருமாற்றிவிட்டது. டெல்டாவில் பல லட்சம் தென்னைகள் சாய்ந்தன. அந்த இரவு முழுவதும் நிறைமாதக் கர்ப்பிணி வீட்டின் நடு அறையில் தாயின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. தோப்பின் பக்கமிருந்து மரங்கள் முறியும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் ஓசைக்கும் பெரியவர் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். பாட்டியம்மாளின் உதடுகள் மட்டும் ஐந்தெழுத்தை விடாமல் உச்சரித்தபடி இருந்தன.

விடிந்ததும் தோப்புக்குச் சென்றவர் வெகுநேரம் திரும்பவில்லை. 140 மரங்களில் நின்றவை பதின்மூன்று. மற்றவை வேரோடு பெயர்ந்தும் இடுப்பில் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வீட்டுக்கு வந்தவர் எதுவும் பேசவில்லை. பூஜை அறைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மருத்துவமனைக்குச் செல்லும் சாலை முழுவதும் மரங்கள் விழுந்து கிடந்தன. எதிர்வீட்டில் வசிக்கும் இசுலாமியக் குடும்பத்தின் இளைஞர்கள் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு தெருவைச் சீர்செய்தார்கள். அந்த வீட்டு மூத்தவரை மகள் சிறுவயதிலிருந்தே காக்கா என்றுதான் அழைப்பாள். “எந்த நேரமானாலும் கதவைத் தட்டும்மா. வண்டியில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன்” என்று அவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வலி கண்டது. காக்காவின் காரில்தான் பட்டுக்கோட்டைக்குச் சென்றார்கள். அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், ஜெனரேட்டர் ஒளியில் ஆண் குழந்தை பிறந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்த பாட்டியம்மாள் கைகூப்பினாள். கார்த்திகை 9ஆம் நாள், திருவாதிரை நட்சத்திரம். ஊரின் பெயரே குழந்தையின் நட்சத்திரம்!

“நம் சுவாமி நட்சத்திரம்” என்றாள் கணவரிடம். அவர் குழந்தையின் பிஞ்சு விரலைத் தொட்டபடி “உம்” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பின் அவர் கோயிலுக்குப் போகவில்லை.

அரசு ஒரு மரத்திற்கு 1,100 ரூபாய் நிவாரணம் வழங்கியது. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும் வேலை மாதக்கணக்கில் நீண்டது. பிரதோஷம் வரும், பாட்டியம்மாள் வில்வத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புவாள். வாருங்கள் என்று அவள் அழைத்ததும் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதும் இல்லை. ஒருநாள் அவராகவே, “அபயம் தருகிற சாமி என்று அறுபது வருஷம் கும்பிட்டேன். 127 மரம் விழுந்தது” என்றார். அவள் பதில் சொல்லாமல் திருநீற்றை மட்டும் அவர் கையில் வைத்தாள். அவர் அதை மாடத்தில் வைத்துவிட்டு வெளியே சென்றுவிட்டார்.

இதற்கிடையே குழந்தை வளர்ந்தது. குழந்தையின் ஒவ்வொரு சிறு வளர்ச்சியையும் விழாவாக்கிப் பார்ப்பது நம் மரபு. பதினோராம் நாள் புண்ணியாகவாசனமும் பெயர் சூட்டலும், கையில் வசம்புக் காப்பு, தொட்டில், பிறகு முதல் சோறூட்டல். குப்புறக் கவிழ்ந்தால் ஒரு பலகாரம்; வாசற்படி தாண்டினால் ஒரு பலகாரம்; பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை. வசம்புக்கே பிள்ளை வளர்ப்பான் என்று பெயரிட்ட மக்கள் அல்லவா நாம்! கண்ணன் பிறந்தது, தொட்டிலில் கிடந்தது, நீராடியது, காது குத்திக்கொண்டது என்று ஒவ்வொன்றையும் ஒரு தாயின் இடத்தில் நின்று பாடி மகிழ்ந்தவர் பெரியாழ்வார். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தலை நிமிர்த்தி அசைவதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதைச் சப்பாணி என்றும் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் என்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழ் படைத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்த குமரகுருபரர், உலகன்னை மீனாட்சியையே இப்படிக் குழந்தையாக்கிக் கொஞ்சினார். தெய்வத்தைக் குழந்தையாகக் கண்டவர்களுக்குக் குழந்தையைத் தெய்வமாகக் காண்பது கடினமன்று.

ஐந்து மாதம் வரை குழந்தை அதிராம்பட்டினத்தில் இருந்தது. அது தலை நிமிர்த்திய அன்று பாட்டியம்மாள் பாயசம் வைத்தாள். பெரியவர் அன்று தோப்பிலிருந்து சீக்கிரம் திரும்பி, திண்ணையில் பேரனை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். தோப்பைத் தவிர வேறொன்றை அவர் கண்கள் பார்த்துச் சிரித்தது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான். பிறகு மகளும் பேரனும் சென்னைக்குச் சென்றார்கள். வீடு மறுபடியும் அமைதியாயிற்று.

ஆண்டு நிறைவு நெருங்கியது. மருமகன் தொலைபேசியில் அழைத்தார். “மாமா, பிறந்த தேதி திங்கட்கிழமை வருகிறது. அதனால் முதல் நாள் ஞாயிறன்று இங்கே மண்டபம் பார்த்திருக்கிறேன். அலுவலக நண்பர்கள் எல்லாரும் வருவார்கள். நீங்கள் இருவரும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும்” என்றார். பாட்டியம்மாளோ நாட்காட்டியை எடுத்துப் பார்த்தாள். 2019இல் கார்த்திகைத் திருவாதிரை, கார்த்திகை 27ஆம் நாள், அதாவது டிசம்பர் 13இல் வந்தது.

தேதிக்கும் நட்சத்திரத்திற்கும் ஏன் இந்தப் பதினெட்டு நாள் இடைவெளி என்று இளைய தலைமுறை கேட்பதுண்டு. ஆங்கிலத் தேதி சூரியனை மட்டும் கணக்கில் கொண்டது. நம் ஜென்ம நட்சத்திரமோ சூரியன், சந்திரன் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. குழந்தை பிறந்த சூரிய மாதத்தில், பிறந்தபோது நின்ற அதே நட்சத்திரத்திற்குச் சந்திரன் மீண்டும் வந்து சேரும் நாளே பிறந்தநாள். சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27 நாட்களில் சுற்றி வந்துவிடுகிறது. சூரிய மாதமோ 29 முதல் 32 நாள் வரை நீளும். ஆகவே பிறந்தநாள் ஆண்டுதோறும் முன்னும் பின்னும் நகர்கிறது. சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறையும் வரும். அப்போது பின்னால் வருவதைக் கொள்வது பலருடைய வழக்கம்.

அந்த நாளில் ஆயுஷ் ஹோமம் செய்வதும், அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீடணன், கிருபர், பரசுராமர் ஆகிய ஏழு சிரஞ்சீவிகளையும், காலனை வென்ற மார்க்கண்டேயரையும் நினைத்து, எள்ளும் வெல்லமும் கலந்த பாலை அருந்தச் செய்வதும் மரபு. வயது கூடியதைக் கொண்டாடுவதைவிட, இன்னும் வாழவேண்டிய ஆயுளை இறைவனிடம் கேட்டுப் பெறுவதே இதன் உட்கருத்து. இன்று ஓராண்டு நிறைவில் தொடங்கும் இந்த வேண்டுதல்தான், அறுபதிலும் எண்பதிலும் திருக்கடவூரில் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் சென்று நிற்கிறது.

“நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று மனைவி கேட்டாள்.

“மாப்பிள்ளை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே செய்யட்டும். கோயில் விஷயத்தில் என்னைக் கேட்காதே” என்றார் பெரியவர்.

சென்னைக்குப் போனார்கள். மண்டபம் பலூன்களால் நிறைந்திருந்தது. கேக்கின்மேல் ஒற்றை மெழுகுவர்த்தி. அதை ஊதச் சொன்னபோது குழந்தை சுடரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்ததே தவிர ஊதவில்லை. யாரோ ஊதி அணைத்தபோது அழுதுவிட்டது. பாட்டியம்மாளுக்கு மனம் சற்றுக் கலங்கியது. ஆயினும் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் முகம் சுளிக்காமல், பேரன் வாயில் ஒரு துளி இனிப்பைத் தடவி, நெட்டி முறித்தாள்.

அன்றிரவு எல்லாரும் உறங்கிய பின் மொட்டை மாடியில் தந்தையும் மகளும் அமர்ந்திருந்தனர்.

“அப்பா, இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கவில்லை, இல்லையா?”

“அப்படி ஒன்றும் இல்லையம்மா. தேதியா, நட்சத்திரமா என்று உன் அம்மாதான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.”

மகள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “எனக்கு இரண்டும் ஒன்று இல்லை அப்பா. நாளைய தேதி என்னுடையது. ஒன்பது நாள் இருட்டில் கிடந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் அந்த மரம் விழுகிற சத்தம் காதில் கேட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்குமா என்று பயந்து பயந்து செத்தேன். நீங்கள் மரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் உங்களிடம் சொல்லவில்லை. அவன் அழுத குரல் கேட்டபோதுதான் கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தேன். எனக்குப் பயம் போன தேதி அது. அதைக் கொண்டாட வேண்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன். கேக்கும் பலூனும் அவருடைய ஏற்பாடு.”

பெரியவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“நட்சத்திரம் அவனுடையது. அதற்கு நான் ஊருக்கு வருகிறேன். சந்நிதியில் அவனை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும், அப்பா. வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன்.”

அவர் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. 127 மரங்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த ஒன்பது நாட்களில், ஒரே கூரையின்கீழ் தன் மகள் எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. விடியலில் எழுந்து பேரனுக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டினாள் பாட்டியம்மாள். சிறிய பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு. பெரியவர் திண்ணையில் வெறும் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கிளம்பித் தெருவில் நின்றார்கள். குழந்தை தாயின் கையிலிருந்து தாத்தாவை நோக்கித் தாவியது. அவர் எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் பேரனை வாங்கிக்கொண்டு நடந்தார்.

வழியில் பாட்டியம்மாள் அவருக்கு இணையாக நடந்து வந்தாள். ஓராண்டாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள்.

“ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? திருவாதிரை என்றால் நடராஜர்தானே. அவர் ஒரு கையால் அஞ்சாதே என்று காட்டுகிறார். இன்னொரு கையில் தீயை ஏந்தியிருக்கிறார். தீயைக் கீழே போட்டுவிட்டு அஞ்சாதே என்று சொல்லவில்லையே. தீயையும் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார். அன்று ராத்திரி நான் மரம் விழக்கூடாது என்று கேட்கவில்லை. பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று மட்டும்தான் கேட்டேன்.”

பெரியவர் நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மேலே நடந்தார்.

ஹோமம் நிறைந்து, கலசத்து நீரால் குழந்தைக்கு அபிஷேகம் ஆயிற்று. எள்ளும் வெல்லமும் கலந்த பாலை முகம் சுளித்துக்கொண்டே விழுங்கியது. சந்நிதியில் அர்ச்சனைக்கு முன் அர்ச்சகர், “குழந்தையின் நட்சத்திரம்?” என்று கேட்டார். சொல்ல வேண்டியவர் பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாத்தா. அவருக்குத் தொண்டை அடைத்தது. “திருவாதிரை” என்று அவர் சொன்னது அருகில் நின்றவர்களுக்கே கேட்டிருக்காது. கற்பூர ஒளி எழுந்தபோது, மண்டபத்தில் மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சிரித்ததுபோலவே குழந்தை சிரித்துக் கைகொட்டியது. இந்தச் சுடரை யாரும் ஊதி அணைக்கவில்லை. பெரியவர் அந்தப் பிஞ்சுக் கைகள் இரண்டையும் சேர்த்துக் குவித்தார். அவற்றின்மேல் தம் கைகளையும் வைத்துக் குவித்தார். ஓராண்டுக்குப் பிறகு அவர் கும்பிட்டது அப்படித்தான்.

பிற்பகலில் காக்கா தம் பேரப்பிள்ளைகளுடன் ஒரு தட்டு நிறையப் பழங்களோடு வந்தார். “அன்றைக்கு என் வண்டியில் வந்தவன்தானே இவன்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார். மருமகன் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அத்தனை பேருக்கும் வாழையிலையில் சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் பெரியவர் எல்லாரையும் தோப்புக்கு அழைத்துச் சென்றார். யாருக்கும் சொல்லாமல், காலையிலேயே மூன்றடிக் குழி ஒன்று வெட்டி, மணலும் மக்கிய எருவும் இட்டு வைக்கச் செய்திருந்தார். அருகில் நெட்டை ரகத் தென்னம்பிள்ளை ஒன்று இருந்தது. மகளும் மருமகனும் அதைக் குழியில் வைக்க, பேரனின் உள்ளங்கையில் மண்ணை அள்ளி வைத்து அவரே போடவைத்தார். புயலுக்குப் பின் அந்தத் தோப்பில் அவர் வைத்த முதல் பிள்ளை அது.

அடுத்த பிரதோஷத்தன்று பாட்டியம்மாள் வில்வத் தூக்கை எடுத்தபோது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் முன்னே சென்று காத்திருந்தார்.

ஆண்டுக்கொரு கார்த்திகைத் திருவாதிரை வந்து போயிற்று. ஆண்டுக்குச் சில பிள்ளைகளாகத் தோப்பும் மெல்ல நிறைந்தது. நவம்பர் 25 வந்தால் சென்னை வீட்டில் மகள் ஒரு குத்துவிளக்கு ஏற்றுகிறாள். கேக் வெட்டினாலும் மெழுகுவர்த்தி வைப்பதில்லை. அது மருமகன் தாமாகவே செய்த மாற்றம். அன்று பிள்ளை முதலில் தாயை வணங்கவேண்டும் என்பதும் அவர் வைத்த வழக்கமே. நட்சத்திரத்தன்று எல்லாரும் அதிராம்பட்டினத்திற்கு வந்துவிடுகிறார்கள்.

2025 கார்த்திகைத் திருவாதிரையில் பேரனுக்கு ஏழு வயது நிறைந்தது. அந்த ஆண்டுதான் அவனுடைய தென்னை முதல் பாளை விட்டிருந்தது. முதல் பாளையில் குரும்பைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இதிலும் உதிர்ந்தன, மூன்று மட்டும் தங்கி இளநீராயின. பேரன் அவற்றை எண்ணி எண்ணிப் பார்த்தான்.

“தாத்தா, இன்னும் நிறைய இருந்ததே, எல்லாம் விழுந்துவிட்டதே” என்றான் வருத்தத்தோடு.

பெரியவர் பேரனின் தலையைத் தடவினார். “விழுந்ததை எண்ணாதே, ராஜா. நின்றதை எண்ணு” என்றார். சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மூன்று இளநீரும் அன்று அபயவரதீஸ்வரருக்கு அபிஷேகமாயின.